ஒப்புக்குச் சப்பாணி

ஜனவரி 6, செவ்வாய்

பி.பி. பார்க்கும் டாக்டர் சொன்னதால் இந்த டைரி. "கோபம் வந்தா வாயைத் திறக்காதீங்க, எழுதுங்க" என்றார். பம்ப் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கிறவன் வாயைத் திறக்காமல் எப்படிங்க பிழைப்பது என்று கேட்டேன். நான் கேட்டு முடிப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அதற்கே ஒரு பக்கம் எழுதலாம்.

ஆனால் இன்றைக்கு எழுத வேண்டியது வேறு. ஆதிரையின் பள்ளிக்கூடத்தில் என்னை வரச் சொல்லியிருந்தார்கள். யு.கே.ஜி. படிக்கிற குழந்தையின் அப்பாவை எதற்கு வரச் சொல்வார்கள்? பரிசு ஏதாவது கொடுப்பார்கள் என்று நினைத்து இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன்.

ஜெசிந்தா மிஸ் சிரித்த முகமாகத்தான் ஆரம்பித்தார். "பாப்பா நல்லா படிக்குதுங்க சார். எழுத்தெல்லாம் அழகா போடுது. ஆனா தன் முறை வர்ற வரைக்கும் நிக்க மாட்டேங்குது. ஒரு விளையாட்டுல நடுவுல விதிய மாத்துனா, பழசையே செஞ்சுட்டிருக்குது. அடுத்த குழந்தை கையில இருக்கறத வெடுக்குனு புடுங்கிருது."

"குழந்தைங்கன்னா அப்படித்தானுங்க மிஸ்."

"நான் இன்னும் முடிக்கல சார்" என்றார். "மார்ச்சுல ஒரு நாள் எல்லாரையும் ஒண்ணா விளையாட விட்டுப் பாப்போம். அப்பவும் இப்படியே இருந்தா, ஒண்ணாங்கிளாஸ் வேண்டாம், இன்னொரு வருஷம் யு.கே.ஜி.யிலயே இருக்கட்டும்."

என் மகள்! முப்பது நாட்டுத் தலைநகரங்களை மூச்சு விடாமல் சொல்கிறவள். மங்கோலியாவின் தலைநகரம் இந்த மிஸ்ஸுக்குத் தெரியுமா? அவளோடு படிக்கிற பிள்ளைகளெல்லாம் ஒண்ணாங்கிளாஸ் போக, இவள் மட்டும் அதே குட்டி நாற்காலியில் உட்கார வேண்டுமாம். எதற்காக? விளையாட்டுக்காக!

"வீட்டுல யாரோட விளையாடுது?" என்று கேட்டார்.

"எங்கூடத்தான்."

"நீங்க விட்டுக் குடுத்துருவீங்களா சார்?"

அதென்ன கேள்வி? அஞ்சு வயசுக் குழந்தையோடு பாம்பு ஏணி ஆடி எந்தத் தகப்பன் ஜெயிப்பான்? பாம்பு கடித்தால் அவள் காயைத் தூக்கி நானே ஏணி உச்சியில் வைத்துவிடுவேன். அவள் அழுது நான் பார்த்ததில்லை. இதுவும் குற்றமா?

ஜனவரி 8, வியாழன்

மருந்துக் கடையில் எனக்கு முன்னால் நின்றவர் ஒவ்வொரு மாத்திரைக்கும் விளக்கம் கேட்டுக்கொண்டிருந்தார். கையை நீட்டி என் சீட்டை முதலில் கொடுத்துவிட்டேன். முறைத்தார். நானும் முறைத்தேன். பி.பி. மாத்திரை வாங்கப் போன இடத்தில் பி.பி. ஏறியது.

ஜனவரி 10, சனி

மிஸ்ஸுக்குப் பாடம் கற்பிக்க வேண்டும் என்று, காந்திபுரம் பக்கம் மூளைத் திறன் மையம் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்து ஆதிரையைக் கூட்டிப் போனேன். குழந்தைகள் தனித்தனித் தடுப்புக்குள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு டேப்லெட் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். சத்தமே இல்லை. மணி அடித்தால் பழத்தைத் தொட வேண்டும், அடிக்காவிட்டால் தொடக் கூடாது. ஆதிரைக்கு 'பொறுமை' என்ற பிரிவில் மூன்று நட்சத்திரம். மூன்றுக்கு மூன்று! அந்தத் திரையை அப்படியே போட்டோ எடுத்து ஜெசிந்தா மிஸ்ஸுக்கு அனுப்பினேன்.

திரும்பும்போது கரும்புச்சாறு கடையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் இருந்த பையனுக்கு முதல் டம்ளர் போயிற்று. ஆதிரை ரோட்டில் விழுந்து புரண்டாள். எனக்கு வந்த கோபத்தில், "சின்னக் குழந்தைக்கு மொதல்ல குடுத்தா கரும்பு தீந்துருமாங்க?" என்று கடைக்காரரிடம் சத்தம் போட்டேன். அடுத்த டம்ளரை அவசரமாகக் கொடுத்தார். உடனே அழுகை நின்றது. குழந்தையைச் சமாளிக்க எனக்குத் தெரியாதா என்ன?

மிஸ் பதில் போட்டிருக்கிறார்: "நல்லது சார். மத்த குழந்தைங்களோடவும் விளையாட விடுங்க."

ஜனவரி 18, ஞாயிறு

பொங்கல் விடுமுறை முடிகிறது. தமயந்தி பிடிவாதமாக ஆதிரையைக் கீழே விளையாட அனுப்பினாள். என் மனைவி ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறவள். அங்கே ரத்தம் எடுக்கும்போது கத்துகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எதற்கும் அசைய மாட்டாள்.

எங்கள் அபார்ட்மெண்ட்டின் கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் மோட்டார் ரூம் மேடையும், அதைச் சுற்றி வெறும் மண்தரையும் இருக்கிறது. அங்கே பிள்ளைகள் கல்லா மண்ணா ஆடுகிறார்கள். பிடிக்கிறவள் 'கல்' என்றால் மேடையும் படியும் அவளுக்குச் சொந்தம், மற்றவர்கள் மண்ணில்தான் நிற்க வேண்டும். கல்லில் கால் வைத்தால் தொட்டுவிடுவாள். அடுத்த ஆட்டத்தில் 'மண்' என்பாள். எல்லாம் தலைகீழாக மாறிவிடும்.

மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து பார்த்தேன். ஆதிரை கல்லிலும் ஏறுகிறாள், மண்ணிலும் ஓடுகிறாள், ஒருவராலும் அவளைப் பிடிக்க முடியவில்லை! மற்ற பிள்ளைகளெல்லாம் அவுட் ஆகிறார்கள், என் மகள் மட்டும் கடைசிவரை நிற்கிறாள். தமயந்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். வீடியோ எடுத்தேன்.

தமயந்தி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஏனுங்க, அவள ஒப்புக்குச் சப்பாணியா வெச்சிருக்காங்க."

சின்னப் பிள்ளை அழக் கூடாது என்று ஆட்டத்தில் சும்மா சேர்த்துக்கொள்வது. அவுட் கிடையாது, பிடிக்கும் முறையும் வராது. கணக்கிலேயே இல்லாத ஆள்.

வீடியோவை அழித்துவிட்டேன். என் மகளையா? ஒப்புக்கா?

ஜனவரி 20, செவ்வாய்

ஆபீசிலிருந்து வந்ததும் டீ கூடக் குடிக்காமல் கீழே போனேன். இந்தக் கூட்டத்துக்குத் தலைவி தரைத்தளத்து ஷமீனா. பத்து வயசு, இரட்டை ஜடை, பேச்சில் கலெக்டர்.

"அங்கிள், பாப்பாவுக்கு இன்னும் மாத்தி மாத்தி ஆடத் தெரியலீங்க. கொஞ்ச நாள் பாத்துட்டே இருந்தா வந்துரும். நானும் அப்படித்தான் இருந்தேன்" என்றாள்.

"என் பொண்ணுக்கு எல்லாம் தெரியும். நெசமான ஆட்டத்துல சேருங்க. இன்னிக்கு அவதான் பிடிக்கறா" என்றேன்.

ஷமீனா கோகுலைப் பார்த்தாள். எட்டு வயசு கோகுல் தோளைக் குலுக்கினான். சேர்த்துக்கொண்டார்கள்.

'கல்' என்று சொல்லிவிட்டு ஆதிரை மண்ணில் ஓடுகிறவர்களைத் துரத்தினாள். பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்க என்ன இருக்கிறது? நான் பக்கத்தில் நின்று, "ஆதி, கல்லுல நிக்கறவனப் புடி! வலது பக்கம்! அவன் கால் பட்டுருச்சு, நான் பாத்தேன், அவுட்டு!" என்று சொல்லிக் கொடுத்தேன். கோகுல் படவில்லை என்றான். பட்டது என்றேன். பட்டதுதான்.

கொஞ்ச நேரத்தில் ஒருத்தனுக்கு ஹோம்வொர்க் ஞாபகம் வந்தது. ஒருத்தியை அம்மா கூப்பிட்டாளாம், எனக்குக் கேட்கவில்லை. கடைசியில் ஷமீனாவும் செருப்பை மாட்டிக்கொண்டு, "நாங்க வரோங்க அங்கிள்" என்று போய்விட்டாள்.

நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றோம். "நீதான் ஜெயிச்ச" என்றேன். ஆதிரை லிஃப்ட்டைப் பார்த்து நடந்தாள்.

ஜனவரி 23, வெள்ளி

பிள்ளைகள் இப்போது பி பிளாக்குக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் விளையாடுகிறார்கள். வேண்டுமென்றேதான். என் பால்கனியிலிருந்து அந்த இடம் தெரியாது. ஆதிரை மோட்டார் ரூம் மேடையில் தனியாக உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறாள். இந்த வயசிலேயே இப்படி ஒதுக்கி வைக்க யார் கற்றுக் கொடுத்தது?

ஜனவரி 25, ஞாயிறு

அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பிள்ளைகள் ஓடுவது ஆபத்து, மூடி சரியில்லை, நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று. பொதுநலத்தோடு, நாகரிகமாக எழுதினேன். தமயந்தி படித்துவிட்டு, "இப்பத்தான் தொட்டி கண்ணுல பட்டுச்சா?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. டாக்டர் பேசாதே என்று சொல்லியிருக்கிறார்.

ஜனவரி 27, செவ்வாய்

லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் நோட்டீஸ். 'குடியிருப்போர் புகாரின் பேரில், வளாகத்தில் எங்கும் குழந்தைகள் விளையாடத் தடை.'

அநியாயம்! எங்கும் என்று யார் கேட்டது? என் கண் முன்னால் விளையாட வேண்டும் என்றுதானே நினைத்தேன். பிள்ளைகள் ஓடக் கூட இடம் கொடுக்காத இவர்களெல்லாம் மனிதர்களா? யாரோ ஒருவன் புகார் சொன்னானாம், உடனே தடையாம்.

தமயந்தி அந்தக் கடைசி வாக்கியத்தை என்னைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிப்ரவரி 3, செவ்வாய்

பள்ளிக்கூடத்திலிருந்து போன். ஆதிரை ஒரு பையனின் கையைக் கடித்துவிட்டாளாம். கலர் பென்சிலுக்காக.

சாயங்காலம் அவள் ஹாலில் தலையணைகளை வரிசையாக நிறுத்தியிருந்தாள். சோபாதான் கல், தரைதான் மண். "நீதான் ஷமீனாக்காப்பா" என்றாள்.

"அப்ப நான்தான் கத்தணுமா?"

"கத்தறது நான்தான். 'ஆட்டம் மாறிடுச்சு!'ன்னு நான் கத்தோணும். அப்பத்தான் எல்லாரும் எடம் மாறுவாங்க. ஷமீனாக்கா என்ன அதுக்குத்தான் வெச்சிருந்தாங்க. யாரு கால் எங்க இருக்குதுன்னு பாத்து அக்கா காதுல சொல்லோணும். நான் கரெக்டா சொல்லீட்டா, அடுத்து நெசமான ஆட்டம்னு சொன்னாங்க."

பாருங்கள். ஆட்டத்திலும் சேர்க்கவில்லை, வேலை வேறு வாங்கியிருக்கிறார்கள்!

தலையணைகளில் எது அவுட் என்று சொன்னேன். "தலகாணி ஏமாத்தாதுப்பா, நல்லாவே இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். நான் தலையணைகளைப் பொறுக்கிச் சோபாவில் அடுக்கினேன். மனசுக்கு என்னவோ போல இருந்தது. பி.பி.யாக இருக்கும்.

பிப்ரவரி 8, ஞாயிறு

அசோசியேஷன் கூட்டம். தலைவர் சண்முகவடிவேல், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். கை தூக்கினவர்கள் வரிசையாகத்தான் பேச வேண்டும் என்பார். நான் முதலில் கை தூக்கினேன். ஆனால் அவர் அந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்! எழுந்து நின்று, "பிள்ளைங்க விஷயம்..." என்று ஆரம்பித்தேன்.

"உட்காருங்க. உங்க முறை வரும்."

இரண்டாவது தடவை எழுந்தபோது, "இன்னொரு தடவ எழுந்தீங்கன்னா அடுத்த மாசம்தானுங்க பேச முடியும்" என்றார்.

அடுத்த மாதம் என்றால் மார்ச். பள்ளிக்கூடத்தில் விளையாட விட்டுப் பார்க்கும் நாள் அதற்குள் முடிந்துவிடும். தமயந்தி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். லிஃப்ட் சத்தம் பற்றி ஒருவர் பேசினார். அந்தச் சத்தத்தை வாயாலேயே செய்தும் காட்டினார். நாயைப் பற்றி ஒரு அம்மா பேசினார். பேசி முடித்து உட்கார்ந்துவிட்டு மறுபடி எழுந்து பேசினார். உலகத்தில் இவ்வளவு அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதன் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். இதை நான்தான் எழுதி வைக்க வேண்டியிருக்கிறது, ஒருவரும் பாராட்டவில்லை.

என் முறை வந்தது. புகாரைத் திரும்பப் பெறுகிறேன், தொட்டிக்கு நல்ல மூடி போட்டுவிட்டுப் பிள்ளைகளை விளையாட விடுங்கள் என்றேன்.

"விழுந்து கிழுந்து வெச்சா யாரு பொறுப்பு?" என்றார் தலைவர்.

"நான். தினமும் சாயங்காலம் கீழேயே இருக்கறேங்க."

வாசல் பக்கம் நின்ற ஷமீனா கை தூக்கினாள். தலைவர் அவளைப் பேசச் சொன்னார். "அங்கிள் வரட்டுங்க. ஆனா பேசக் கூடாது."

அத்தனை பேரும் கை தட்டினார்கள். இதில் கை தட்ட என்ன இருக்கிறது?

பிப்ரவரி 10, செவ்வாய்

தடையை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் மேடைப் பக்கம் ஆட, நான் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்திருந்தேன். பேசவில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

பேசவில்லை. கோகுல் கால் கல்லில் பட்டது. பட்டதை நான் பார்த்தேன். ஆதிரையும் பார்த்து ஷமீனா காதில் சொன்னாள். கோகுல் கையை உதறிக்கொண்டே வெளியே வந்தான். போன மாதம் இருபதாம் தேதி நான் சொன்னபோது மட்டும் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?

பிப்ரவரி 19, வியாழன்

இன்று ஆதிரைக்கு நெசமான ஆட்டம். ஷமீனாவே சொன்னாள். முதல் சுற்றிலேயே மாட்டிக்கொண்டாள். 'மண்' என்று கேட்டும் மண்ணிலேயே நின்றாள்.

அழ ஆரம்பித்தாள். நான் ஸ்கூட்டரை விட்டு இறங்கிவிட்டேன். ஷமீனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி ஏறி உட்கார்ந்தேன்.

"அழுதா மறுபடி ஒப்புக்குத்தான் ஆதி" என்றான் கோகுல். அவனை அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அஞ்சு வயசுக் குழந்தையிடம் பேசுகிற பேச்சா அது? சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கையில் தடம் விழுந்துவிட்டது.

ஆதிரை என்னைப் பார்த்தாள். நான் ஏணி உச்சியில் தூக்கி வைப்பேன் என்று எதிர்பார்த்திருப்பாள். அப்புறம் மூக்கைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "அழல. கண்ணுல மண்ணு" என்று சொல்லிவிட்டுப் பிடிப்பதற்குப் போனாள். 'கல்' என்று சொல்லிவிட்டு, ஓடுவதற்கு முன்னால் வாய்க்குள்ளேயே, "கல்லு என்னுது, கல்லு என்னுது" என்று முணுமுணுத்துக்கொண்டாள். அது இங்கே ஸ்கூட்டர் வரைக்கும் கேட்டது.

ராத்திரி தமயந்தி கையைப் பார்த்து, "என்னங்க தடம்?" என்றாள். சாவி என்றேன். அவள் தைலம் தடவிவிட்டாள். இதற்கெல்லாம் தைலம் போட மாட்டாள் அவள்.

மார்ச் 6, வெள்ளி

பள்ளிக்கூடத்தில் அந்த நாள். பெற்றோரெல்லாம் ஜன்னலுக்கு வெளியே நின்றோம். சத்தம் போடக் கூடாது, சைகை காட்டக் கூடாது என்று எங்களிடம் சொன்னார்கள். என்னைப் பார்த்து இரண்டு தடவை சொன்னார்கள்.

ஜெசிந்தா மிஸ் பறை மாதிரி ஒன்றைத் தட்டினார். ஒரு தட்டு என்றால் உட்கார வேண்டும், இரண்டு என்றால் நிற்க வேண்டும். கொஞ்ச நேரம் போனதும், "இப்ப மாறிடுச்சு!" என்றார். ஒரு தட்டுக்குப் பாதிப் பிள்ளைகள் பழையபடி உட்கார்ந்தார்கள். ஆதிரை பாதி உட்காரப் போனவள், முழங்காலை மடக்கியபடியே அப்படியே நின்றாள். உதடு அசைந்தது. மெதுவாக நிமிர்ந்தாள்.

பக்கத்தில் ஒரு பையன் தப்புத் தப்பாகச் செய்து, அழுதுகொண்டே தரையில் உருண்டான். ஜனவரியில் கரும்புச்சாறு கடையில் நான் பார்த்த அதே உருளல். ஆதிரை கை தூக்கினாள். மிஸ் பார்க்கும் வரைக்கும் தூக்கியபடியே நின்றாள். "மிஸ், இவன ஒப்புக்குச் சப்பாணியா வெச்சுக்கலாங்களா? எங்கூட நின்னு பாக்கட்டும். அவனே கத்துக்குவான்."

நான், "சபாஷ் ஆதி!" என்று ஜன்னலைத் தட்டினேன்.

என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். கேட்டுக்கு வெளியே! பெற்ற தகப்பன் ஒரு சபாஷ் சொல்லக் கூடாதா? மற்ற பெற்றோரெல்லாம் கல் மாதிரி நின்றார்கள்.

முடிந்ததும் மிஸ் வந்து, "பாப்பா ஒண்ணாங்கிளாசுக்கு ரெடிங்க சார்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கேட் பக்கம் ஒரே தூசி.

சாயங்காலம் சந்தோஷத்தில் ஸ்கூட்டரை விட்டு இறங்கி, "இன்னிக்கு நானும் ஆட்டத்துக்கு வர்றேன்" என்றேன். ஷமீனாவும் ஆதிரையும் கோகுலும் தலையைச் சேர்த்துவைத்துக் குசுகுசுவென்று பேசினார்கள். ஆதிரைதான் வந்து சொன்னாள்.

"அப்பா, நீ ஒப்புக்குச் சப்பாணி."

நாற்பத்தொரு வயசு. பர்ச்சேஸில் எனக்குக் கீழே ஆறு பேர். "என்னால ஆட முடியாதா? ஏன், என்ன கொறச்சல்?" என்று சத்தம் போட்டேன்.

"கத்துனா ஆட்டத்துலயே இல்லப்பா" என்றாள். அப்புறம் என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்துக் குனிய வைத்து, காதில் சொன்னாள்: "கொஞ்ச நாள்தான். பேசாம பாத்துட்டே இரு. வந்துரும்."

கல்லில் ஏறினேன், மண்ணில் ஓடினேன். மூச்சு வாங்கியது. இருட்டுகிற வரைக்கும் ஒருத்தர் கூட என்னைத் தொடவில்லை. கோகுல் பக்கத்திலேயே வந்தும் தொடாமல் போகிறான்!

நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவு, காலையிலேயே ஆட்டமாம். நானும் போகிறேன். என்னை எத்தனை நாளைக்கு இப்படியே வைத்திருப்பார்கள் என்று பார்த்துவிடுகிறேன்.